பதினேழாவது கேள்வி

வளர்மதியின் கீழுதட்டில் கரண்டியின் விளிம்பு அரைவட்டமாகப் பதிந்திருந்தது. சூடு பட்டு ஆறி, அதே இடத்தில் மறுபடி பட்டு, மறுபடி ஆறிய தோல். ரூபினா இருபத்து மூன்று வருஷமாக நுண்ணோக்கியில் குனிந்து கிடப்பவள். ஒரு தழும்பைப் பார்த்தால் அது ஒரே நாளில் வந்ததா, பல நாளில் வந்ததா என்று அவளுக்குத் தெரியாமல் போகாது. இது பல நாளில் வந்தது.

"இன்னாம்மா வாயில?"

"கரண்டி பட்டுடுச்சுங்க."

"கரண்டி எப்படிம்மா உதட்டுல படும்?"

வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள். மாட்டுக் கொட்டகையில், சாணி வாரிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கோணிப்பை மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு அலுமினியத் தட்டு, தனியாக ஒரு டம்ளர். டம்ளரின் காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதாம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை காலையிலேயே சூடேறி அனலைத் தெரு முழுக்க வீசிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதிலும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள்.

"முதல் சூடு எப்ப?" ரூபினா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"போன ஆடியிலங்க."

ரூபினாவின் மனசு கணக்குப் போட்டது. போடாதே என்றாலும் அது போடும், பழகிய மனசு. போன ஆடி. அதற்கு மூன்று மாதம் முன்னால், ஏப்ரலிலேயே, ஒரு விஷயம் அவளுக்குத் தெரிய வந்திருந்தது.

ரூபினா செஞ்சிக்காரிதான். பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த அமீர் ஜானின் மூத்த மகள். சென்னையில் படித்து, ஜெர்மனியில் ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து, திரும்பி வந்து சென்னையிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவள். அவள் துரத்துவது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களை. சின்னம்மை அந்தக் குடும்பத்தில் ஒன்று, உதட்டில் கொப்புளம் போடுவது இன்னொன்று. ஒருமுறை உடம்புக்குள் நுழைந்தால் சாகும்வரை வெளியே போகாதது அந்தக் குடும்பத்துக்கே உரிய குணம். அவளுடைய வைரஸுக்கு எப்ஸ்டீன்-பார் என்று பெயர். பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம், ஒன்றும் ஆவதில்லை. எங்கோ லட்சத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும், அது ஒளிந்திருக்கும் ரத்த அணு புற்றாக மாறிவிடும். ஏன் அந்தக் குழந்தைக்கு மட்டும்? இந்த ஒரு கேள்வியில்தான் ரூபினாவின் தலை நரைத்தது. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றே போனது.

வளர்மதியின் மகன் வளவன் அந்த லட்சத்தில் ஒருவன். அப்போது அவனுக்கு ஐந்து வயது. தாடை வீங்கியது. பல் வலி என்று பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு வாரத்தில் வீக்கம் கண்ணை மூடியது. ஓரிரு நாளில் இரட்டிப்பாகும் ஜாதிப் புற்று அது. யாரோ சொல்லி ரூபினாவுக்குச் செய்தி போனது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், கையில் கேள்வித்தாளோடு இதே வீட்டுக்கு வந்தாள்.

கேள்வித்தாளில் நாற்பத்திரண்டு கேள்விகள். பதினேழாவது கேள்வி, 'குழந்தைக்கு உணவைத் தாய் தன் வாயில் மென்று ஊட்டியதுண்டா?' இந்தக் கேள்விகளைத் தாயிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்று விதி. விதியை எழுதியதே ரூபினாதான். ஆனால் வீடு ஒரே அறை, வெளியே கொட்டுகிற மழை, அடுத்து அனந்தபுரத்துக்கு வேறு போக வேண்டும். மென்று கொடுத்தாயா என்று கேட்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். புருஷன் இருந்தான், அவன் அண்ணன் இருந்தான், எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஆமாங்க," என்றாள் வளர்மதி. வேர்க்கடலை மென்று ஊட்டிய பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "மல்லாட்டைய வறுத்து, மென்னு மென்னு குடுப்பேன். அவனுக்கு அதுன்னா உசுரு. அப்பத்தான் ரெண்டு வாய் கஞ்சி எறங்கும்."

"ஏங்க இதக் கேக்கறீங்க?" என்றான் புருஷன்.

"இந்த வைரஸ் எச்சில் வழியாத்தான் பரவுது," என்று சொல்லிக்கொண்டே ரூபினா 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். சொன்னது அத்தனையும் உண்மை. நாற்பதாம் நாள் வளவன் செத்துப்போனான்.

இப்போது அவள் வந்திருப்பது அவனுக்குப் பின் பிறந்த தங்கையின் ரத்தம் எடுக்க. பரமேஸ்வரி, இரண்டரை வயது. அப்பன் ரத்தமும் மறுபடி தேவை. அப்பன் காமராஜ், நெல் வாங்கும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். மூட்டைக்காரர்கள் அமாவாசை அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பார்கள், அதனால் அமாவாசையாகப் பார்த்து வந்திருந்தாள். மெயின் ரோட்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசை ஸ்பெஷல் பஸ்களின் ஹாரன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. டிரைவரும் ரத்தம் எடுப்பவனுமான சேரன், ஐஸ் பெட்டியைத் திண்டில் வைத்து ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

காமராஜ் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய குங்குமத்தோடு வந்தான். பின்னால் அண்ணன் சுந்தரமூர்த்தி இடுப்பில் பரமேஸ்வரி. குழந்தை அம்மாவைப் பார்த்தது. பார்த்துவிட்டு, யாரோ தெருவில் போகிறவளைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வாங்க டாக்டரம்மா," என்றான் காமராஜ். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவகிட்ட ஒட்டி உக்காராதீங்க."

"ஏன்?"

"ஏன்னு எங்களயே கேக்கறீங்களே! நீங்கதான சொன்னீங்க எச்சில்ல வருதுன்னு. மல்லாட்டைய மென்னு குடுத்தே எம்புள்ளையக் கொன்னுட்டா இவ. இன்னொண்ணையும் உடுவனா? பால் மறந்த அன்னிக்கே பாப்பாவப் பிரிச்சு அண்ணி கையில குடுத்துட்டன்."

"சூடு வெச்சது நீயா?"

"திருட்டுத்தனமா வந்து பாப்பாவ முத்தம் குடுக்கறா. எத்தினி வாட்டி சொல்றது? வெச்சேன்." டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வேளை தவறாமல் கொடுத்தவன்போல் சொன்னான். "நாலு வாட்டி."

அவன் முகத்தில் வெட்கம் என்று ஒன்று தேடினாலும் இல்லை. சுந்தரமூர்த்தி ஆமாம் என்று தலையாட்டினான். அண்டை வீட்டுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் நின்றிருந்தார்கள், அவர்கள் முகத்திலும் இல்லை. சென்னையிலிருந்து படித்தவள் ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு யாருக்கு என்ன சந்தேகம்?

ரூபினாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பாதி அவன்மேல், மீதி தன்மேலேயே. கோபத்தில் ஒரு விஞ்ஞானி பேசவே கூடாது. பேசினாள்.

"யோவ், நீ மனுஷனா? அந்த வைரஸ் உன் ரத்தத்துலயும் இருக்குதுய்யா! மூணு வருஷத்துக்கு முன்ன எடுத்தன்ல, அதுலயே இருந்துச்சு!"

மாடு வாலை அடித்துக்கொண்டது.

"இன்னா சொன்ன?"

"உனக்கும் இருக்குதுன்னேன். எனக்கும் இருக்குது. இங்க நிக்கற..."

மேலே அவன் கேட்கவில்லை. உனக்கும் இருக்கிறது என்ற இடத்திலேயே அவன் காது அடைத்துவிட்டது. பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து அவன் சோறு தின்றதும், மூட்டை தூக்கியதும், தூங்கியதும் ஒரே ஒரு பிடிமானத்தில்தான். கொன்றது இவள், நான் இல்லை. அதைப் பிடுங்கினால் அவன் எதில் நிற்பான்? ரூபினா அதைப் பிடுங்கிவிட்டாள். வேறு எதையும் கையில் கொடுப்பதற்குள் பிடுங்கிவிட்டாள்.

"நான் கொன்னேன்றியா? எம்புள்ளைய நான் கொன்னேன்றியா?"

கூரை இறவாணத்தில் அவனுடைய கொக்கி செருகியிருந்தது. மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கி. கைப்பிடி வழவழவென்று தேய்ந்தும், முனை ஊசியாகவும் இருக்கும். அதை உருவினான். முதல் அடி ஐஸ் பெட்டியில் விழுந்தது. தெர்மோகோல் சிதறியது. இரண்டாவது அடியில் அன்று காலையிலிருந்து நாலு தெருவில் ரத்தம் எடுத்து வைத்த கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கித் திண்டு சிவந்தது. சேரன் பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தான். காமராஜ் நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றுகிறவன், சேரனை உதறினான். சேரன் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியின் விளிம்பில் போய் மோத, புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"இவ சொல்லிக் குடுத்திருக்கா. டாக்டரம்மாவுக்கு இவதான் ஓதி வெச்சிருக்கா. நான் வர்றதுக்கு முன்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கினு இருந்தாளுங்க."

வளர்மதியின் மயிரைப் பிடித்துத் தூக்கினான். வாயில் குத்தினான். ஆறிய உதடு கிழிந்தது, பல் ஒன்று சாணியில் விழுந்தது. அவள் கத்தவில்லை. அடி வாங்குவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, முடியட்டும் என்று இருப்பாள். வேலியோரம் நின்றவர்களில் ஒருத்தர்கூட நகரவில்லை. இது அவர்களுக்கும் பழகியது.

ஆனால் இந்த முறை கையில் கரண்டி இல்லை. கொக்கி மேலே போனது. அது எங்கே இறங்கப்போகிறது என்று ரூபினாவுக்குத் தெரிந்துவிட்டது. பிடரி. அங்கே இறங்கினால் அதோடு முடிந்தது. நாற்பத்தெட்டு வயது, முட்டிவலி, ஓடியே பல வருஷம். எப்படிப் பாய்ந்தாள் என்று கேட்டால் பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. வளர்மதியின் பிடரிமேல் தன் இடது கையை வைத்துப் பொத்தினாள்.

கொக்கி புறங்கையில் இறங்கி உள்ளங்கை வழியாக வெளியே வந்தது. எலும்புகளுக்கு நடுவே இரும்பு உரசிக்கொண்டு போவதை முதலில் கேட்டாள், பிறகுதான் வலி வந்தது. முனை வளர்மதியின் கழுத்தைக் கீறி நின்றது. காமராஜ் திருப்பி இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். ரூபினா போட்ட கூச்சலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவன் மிரண்டு கைப்பிடியை விட்டுவிட்டான். கொக்கி அவள் கையிலேயே தொங்கியது.

கழுத்தில் சூடாக ரத்தம் வழியவும் வளர்மதி கண்ணைத் திறந்தாள். தன் ரத்தமா, டாக்டரம்மாவின் ரத்தமா என்று தெரியவில்லை. தனக்காக வேறு ஒருத்தி அடி வாங்கியதை அவள் பார்த்ததே இல்லை. எழுந்து நின்றாள். வாய் நிறைய ரத்தமும் எச்சிலும். அதை விழுங்கவில்லை. காமராஜின் முகத்துக்கு நேராகப் போய், கண்ணிலேயே துப்பினாள்.

ஒரு துப்பல்தான். நூறு கிலோ தூக்குகிறவன் அலறிக்கொண்டு தரையில் விழுந்தான்.

"கண்ணுல பட்டுடுச்சு! அய்யோ, கண்ணுல பட்டுடுச்சு!" மாட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டான். எடுத்தான். வேட்டியால் தேய்த்தான். மறுபடி விட்டான். "டாக்டரம்மா, இன்னா பண்றது? உள்ள போயிடுமா? சொல்லுங்க டாக்டரம்மா!"

யாரிடம் கேட்கிறான் பாருங்கள். எவள் கையில் கொக்கியைச் செருகினானோ அவளிடம். வேலியோரக் கூட்டம் முழுக்க இப்போது ரூபினாவைப் பார்த்தது. சுந்தரமூர்த்தி குழந்தையை இறுக்கிக்கொண்டு, "ஒண்ணும் ஆவாதுதான டாக்டரம்மா?" என்றான். அவன் கையில் இப்போது ஒரு மண்வெட்டி இருந்தது.

ஒன்றும் ஆகாது என்பதுதான் உண்மை. இருபத்து மூன்று வருஷமாக உண்மையை மட்டும் சொல்லிச் சம்பாதித்த பெயர் அவளுடையது. ஒரு எண்ணைக் கூட்டிச் சொன்னதில்லை, ஒரு எண்ணைக் குறைத்துச் சொன்னதில்லை. ஒன்றும் ஆகாது என்று இப்போது சொன்னால், அடுத்த நிமிஷம் அந்த மண்வெட்டி வளர்மதியின் தலையில் இருக்கும்.

"ஆவும்!" என்று கத்தினாள். "கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து. கழுவிக்கினே இரு, நிறுத்தாத! வேற யாரும் அவகிட்டப் போவாதீங்க. மேல பட்டா பட்டதுதான். உங்க புள்ளைங்களுக்கும் வந்துடும்!"

இருபத்து மூன்று வருஷத்து உண்மையை ஒரு நிமிஷம்கூடக் காது கொடுத்துக் கேட்காத ஊர், பொய்யை உடனே நம்பியது. கூட்டம் வேலியிலிருந்து தெருவுக்கு ஓடியது. பெண்கள் தங்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். ரூபினா அதையும் பார்த்தாள்.

வளர்மதிக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருஷமாக அவளை அடித்தவர்கள் இப்போது அவள் வாயைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சுந்தரமூர்த்தியை நோக்கி நடந்தாள். "புள்ளையக் குடு மாமா," என்றாள். அவன் மண்வெட்டியை ஓங்கினான். அவன் காலடியில் துப்பினாள். அடுத்ததற்கு வாயைக் குவித்தாள். அவன் மண்வெட்டியையும் போட்டான், குழந்தையையும் கீழே இறக்கிவிட்டான், சுவர் ஏறிக் குதித்துப் போனான். காமராஜ் தொட்டிக்குள் தலையை விட்டபடி அழுதுகொண்டிருந்தான். வளவன் பெயரைச் சொல்லித்தான் அழுதான்.

குழந்தை வீறிட்டது. வளர்மதி குனிந்து அதைத் தூக்கினாள். தூக்கியவள் செய்த முதல் காரியம், புடவைத் தலைப்பால் தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டதுதான். குழந்தையின் முகம் தன் முகத்தில் படாமல் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வளர்மதியையும் குழந்தையையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஆய்வுக்கூடத்து ஜீப் நகர்ந்தது. சேரன் ஒற்றைக் கண்ணால்தான் ஓட்டினான், இன்னொரு கண்ணில் ரத்தம். ரூபினா முன்சீட்டில், மடியில் துண்டு, துண்டின் மேல் கொக்கியோடு கை. அதைப் பிடுங்கக் கூடாது, ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். மெயின் ரோட்டில் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. போலீஸ்காரர்கள் எல்லாரும் மேல்மலையனூர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். சேரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, வண்டி நகரவும் இல்லை.

பின்சீட்டில் குழந்தை அழுது அழுது ஓய்ந்து, வளர்மதியின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது.

"டாக்டரம்மா."

"சொல்லும்மா."

"நீங்க சொன்னது நெசங்களா? அவரு கண்ணுல பட்டா ஆபத்தா?"

"இல்லம்மா. உன்னக் காப்பாத்தப் பொய் சொன்னேன். ஒண்ணும் ஆவாது."

தலைப்புக்குள்ளிருந்து குரல் தடுமாறி வந்தது. "அப்ப வளவனுக்கு? நான் மென்னு குடுத்ததாலதான?"

"இல்ல. இல்லவே இல்ல. நோவு வந்த எம்பத்து நாலு புள்ளைங்கள வெச்சுப் பார்த்தேன். வராத நூத்தி அறுபத்தெட்டுப் புள்ளைங்களயும் பார்த்தேன். மென்னு குடுத்த அம்மாங்க இங்கயும் நூத்துக்கு முப்பத்தேழு, அங்கயும் முப்பத்தேழு. ஒரு வித்தியாசமும் இல்ல. உன் எச்சில் அவனக் கொல்லல வளர்மதி."

ரூபினா கண்ணாடியில் பார்த்தாள். வளர்மதியின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. நல்லது செய்துவிட்டோம் என்று ரூபினாவுக்குத் தோன்றியது. அந்த ஒரு நொடி, அவளுக்குக் கைவலிகூட இல்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் தெரிந்தது என்றிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு பொய்க்குமேல் அவளால் முடியவில்லை.

"போன வருஷம் ஏப்ரல்ல."

வளர்மதி விரல் விட்டு எண்ணினாள். வைகாசி, ஆனி, ஆடி. ஆடியில் விரல் நின்றது. உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மொத சூட்டுக்கு முன்னயேங்களா?"

"ஆமா."

"என் போன் நம்பரு எழுதிக்கினு போனீங்களே. மொதப் பேப்பர்லயே எழுதனீங்களே."

"எழுதினேன்."

"ஒரு போன் போடலியே."

"புத்தகத்துல அச்சாவட்டும்னு இருந்தேன்மா. கேட்ட கேள்வியில ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சுன்னா அத யாரும் அச்சுல போட மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் புள்ளைங்களச் சேத்துப் பார்த்தா எதுனா வரும்னு பணம் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். அதுக்குள்ள வெளிய சொன்னா..."

சொல்லி முடிக்கவில்லை. தன் குரலில் அதைக் கேட்கத் தனக்கே கூசியது. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த முப்பத்தேழும் முப்பத்தேழும் அவள் லேப்டாப்பில் பூட்டிக் கிடந்தன. இங்கே ஒருத்தி கொட்டகையில் கிடந்தாள், நாலு முறை கரண்டி காய்ந்தது. பதினேழாவது கேள்விக்கு ஆம் என்று டிக் அடித்த இன்னும் எத்தனையோ அம்மாக்கள், அனந்தபுரத்திலும் பனமலையிலும் எந்தெந்தக் கொட்டகையில் இருக்கிறார்களோ? அந்தக் கணக்கை ரூபினா இதுவரை போட்டதே இல்லை.

வளர்மதி முன்னால் சாய்ந்தாள். தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். ரூபினா திரும்பினாள். திரும்பிய முகத்தில் வளர்மதி துப்பினாள். கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் பட்டது. புருஷன் கண்ணில் துப்பியதைவிட இது பலமாக இருந்தது.

சேரன் பதறிப்போய் பிரேக்கை மிதித்து, தோளில் கிடந்த துண்டை நீட்டினான்.

"வண்டிய ஓட்டு," என்றாள் ரூபினா. துண்டை வாங்கவில்லை.

பின்னால் வளர்மதி தலைப்பை விலக்கிப் போட்டுவிட்டு, பரமேஸ்வரியின் கன்னத்தில், கண்ணில், நெற்றியில், வாயில், கிழிந்த உதட்டோடு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு முகமெல்லாம் ரத்தம். அது பயந்து கத்தியது. அவள் நிறுத்தவில்லை.